மனைவியின் மலைக்கிராமத்தில் நிலம் வாங்கிக் குடியேறலாமா? (காலிகெசிங், மத்திய ஜாவா)

வெல்டர்_பாத்தாம் கேட்கிறார்:

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோருக்கும் வணக்கம்.

எனக்குச் சொந்த ஊர் தேவிப்பட்டினம். இந்தோனேசியாவின் பாத்தாம் தீவில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் மேற்பார்வையாளராக இருக்கிறேன். மனைவி ஜாவாப் பெண். முக்கா கூனிங் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்தவர். இங்கேயே நிக்காஹ் நடந்து, அரசாங்கப் பதிவும் முறைப்படி ஆனது. மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நான்கு. என் ஒப்பந்தம் அடுத்த ஆண்டோடு முடிகிறது. நீட்டிப்பார்கள் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியவில்லை.

மாமனார் ஊர் மத்திய ஜாவாவில், பூர்வொரெஜோ மாவட்டத்து காலிகெசிங் வட்டத்தில், மெனோரே மலைச்சரிவில் இருக்கிறது. அறுபது எழுபது வீடுகள் கொண்ட குக்கிராமம். ஒரு பள்ளிவாசல், ஒரு தொடக்கப்பள்ளி, இரண்டு பெட்டிக்கடைகள். பெருநாளுக்குப் போகும்போதெல்லாம் திரும்பி வர மனம் வருவதில்லை. கிராம்பு, துரியன், தென்னை, வீட்டுக்கு வீடு ஆட்டுக்கொட்டில். பிள்ளைகள் அங்கே போனால் செல்போனை மறந்துவிடுகிறார்கள்.

இப்போது மூன்று வழிகள் கண்முன் இருக்கின்றன. முதலாவது, தார்ச்சாலை ஓரத்தில் 2,400 சதுர மீட்டர் மேட்டு நிலம். தரகர் 28 கோடி ரூபியா சொல்கிறார், நம் பணத்தில் ஏறத்தாழ 15 லட்சம். நிலத்துக்குப் பட்டயம், அதாவது நில அலுவலகம் கொடுக்கும் உரிமைச் சான்றிதழ், இல்லை. ஊர் அலுவலகத்து ‘லெட்டர் சி’ பதிவேட்டு நகலும் வரி ரசீதும்தான் இருக்கின்றன. நான் வெளிநாட்டவன் என்பதால் மனைவி பெயரில் எழுதினால் சிக்கல் வரும், மைத்துனர் பெயரில் எழுதிவிட்டுத் தனியாக ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள் என்பது தரகரின் யோசனை. இரண்டாவது, மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம், கூலோன் புரோகோவின் கோகாப் வட்டத்தில் ஒரு சிறு மனை. புதிய விமான நிலையத்துக்குப் பக்கம் என்பதால் விலை அதிகம். மூன்றாவது, மாமனார் தன் வீட்டை ஒட்டிய கொல்லையில் மகளுக்கு ஒரு பங்கு தருவதாகச் சொல்கிறார். 600 சதுர மீட்டர் இருக்கும். அதற்குப் பட்டயம் உண்டு. ஆனால் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது.

சேமிப்பில் பாதியை நிலத்தில் போட்டு, மீதியில் ஆடு வாங்கிப் பிழைக்கலாம் என்பது என் எண்ணம். பத்தாண்டு கழித்து நிலத்தின் மதிப்பு எப்படி இருக்கும்? அங்கே வாழ்க்கை எப்படி? அந்தப் பக்கத்தை நேரில் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

நிலம்_பொன்:

யோசிக்கவே வேண்டாம் நண்பரே, சாலை ஓரத்து நிலத்தைப் பிடியுங்கள். யோக்யகார்த்தாவின் புதிய விமான நிலையம் 2020-இல் முழுமையாகச் செயல்படத் தொடங்கியது. 2021-இல் அதற்கு ரயிலும் வந்துவிட்டது. ஒருபுறம் போரோபுதூர் புத்தர் கோயில், மறுபுறம் விமான நிலையம், நடுவில் மெனோரே மலை. இதற்கு மேல் என்ன வேண்டும்? கொல்லைக்குள் 600 மீட்டரை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு என்ன சேர்ப்பீர்கள்? பட்டயத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

பூண்டிக்காரி:

தம்பி, நான் பூண்டி மாதா கோயில் பக்கத்துக்காரி. மெனோரே மலையின் கிழக்குச் சரிவில், காலிபாவாங் வட்டத்தில், செண்டாங்சோனோ யாத்திரைத் தலத்துக்குக் கூப்பிடு தூரத்தில் கணவர் வீட்டோடு இருக்கிறேன். உங்கள் மாமனார் ஊர் மலை முகட்டுக்கு அந்தப் பக்கம். ஆடு வாங்கவும் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கும் அங்கே போய்வருகிறவள் என்பதால் இதை எழுதுகிறேன். ‘நிலம்_பொன்’ சொன்னதை முழுவதுமாக மறுக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் அந்த மைத்துனர் பெயர் விவகாரம். அது எக்காரணம் கொண்டும் வேண்டாம். உங்கள் மைத்துனர் நல்லவராகவே இருக்கட்டும். 1960-ஆம் ஆண்டின் அடிப்படை நிலச் சட்டம் 21-ஆம் பிரிவில் முழு உரிமையை, அதாவது ஹக் மிலிக்கை, இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே வைத்திருக்கிறது. வெளிநாட்டவருக்கு அந்த உரிமையை நேராகவோ சுற்றி வளைத்தோ கைமாற்றும் எந்த ஏற்பாடும் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தையும் கேட்க முடியாது என்று 26-ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் போடப்போகும் ‘தனி ஒப்பந்தம்’தான் உங்களுக்கு எதிரான முதல் சாட்சி. எங்கள் பக்கத்தில் ஓர் ஐரோப்பியர் இப்படி வீடு கட்டினார். பெயர் கொடுத்தவர் திடீரென்று இறந்துபோனார். அவருடைய பிள்ளைகளுக்கு அந்த ஒப்பந்தத்தைப் பற்றி எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. ஓட்டுக்கூரை, மூங்கில் வேலைப்பாடு, தேக்குக் கதவு என்று பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டிலிருந்து அந்த மனிதர் பெட்டியோடு இறங்கினார்.

அப்படியானால் மனைவி பெயரில் ஏன் கூடாது என்று கேட்பீர்கள். இந்தோனேசியத் திருமணச் சட்டப்படி, திருமணத்துக்குப் பிறகு வாங்கும் சொத்து இருவருக்கும் பொது. பாதி உங்களுடையதாகிவிடுகிறது, நீங்களோ வெளிநாட்டவர். அதனால்தான் சிக்கல். இதற்கு வழி உண்டு: சொத்தைப் பிரித்துக்கொள்ளும் ஒப்பந்தம். முன்பு அதைத் திருமணத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். 2016 அக்டோபரில் அரசமைப்பு நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, திருமண வாழ்க்கையின் எந்தக் கட்டத்திலும் எழுதலாம். நோட்டாரியிடம் எழுதி, உங்கள் திருமணம் பதிவான அலுவலகத்திலேயே குறிக்கச் செய்யுங்கள். ஒன்றை மட்டும் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்: அதன் பிறகு வாங்கும் நிலம் முழுக்க முழுக்க உங்கள் மனைவியுடையது. அதில் உங்களுக்குப் பாத்தியதை கிடையாது. அதை மனமார ஏற்க முடிந்தால் மட்டும் அந்த வழியில் போங்கள்.

மாமனார் கொடுக்கும் கொல்லையின் அருமை இங்கேதான் இருக்கிறது. தானமாகவோ வாரிசாகவோ வரும் சொத்து, அதே திருமணச் சட்டப்படி, பெற்றவருக்கே தனிச்சொத்து. அது பொதுச்சொத்தோடு கலப்பதில்லை. மூன்று வழிகளில் இதற்குத்தான் தொடக்கத்திலிருந்தே சிக்கல் குறைவு.

இன்னொன்று, உங்கள் மனைவியின் அடையாள அட்டை இப்போது பாத்தாம் முகவரியில் இருக்குமே? விவசாய நிலத்தை அதே வட்டத்தில் குடியிருக்காதவர் வைத்திருக்கக் கூடாது என்பது 1961-இலிருந்து இருக்கும் விதி. அந்த 2,400 மீட்டர் விவசாய நிலமாகத்தான் பதிவாகியிருக்கும். தரகர் இதைச் சொன்னாரா?

இனி விமான நிலையக் கதை. விமான நிலையம் இருப்பது தெமோனில், கடலை ஒட்டிய சமவெளியில். விலை ஏறியது அங்கே, அந்த நெடுஞ்சாலை ஓரத்தில். காலிகெசிங்குக்கு ஏற வேண்டுமென்றால் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டு வர வேண்டும். மழை நாளில் பெரிய வண்டிகள் வரவே தயங்கும். போரோபுதூர் சுற்றுலாவுக்காக அரசு இதே மாவட்டத்தின் மலைப்பகுதியில் 309 ஹெக்டேர் ஒதுக்கியது உண்மை. அது அரசின் காட்டு நிலம். அங்கே கூடாரம் வந்தால் உங்கள் மேட்டு நிலம் விலை ஏறும் என்று எந்தக் கணக்கில் சொல்கிறார்கள்?

ஊரை நன்றாகப் பாருங்கள் தம்பி. இளைஞர்கள் எல்லோரும் உங்கள் மனைவியைப் போலவே பாத்தாமுக்கோ ஜகார்த்தாவுக்கோ போய்விட்டார்கள். பாதி வீடுகள் பெருநாளுக்கு மட்டும் திறக்கின்றன. நீங்கள் விற்க நினைக்கும் நாளில் வாங்கப் போவது யார்? சட்டப்படி இந்தோனேசியராக இருக்க வேண்டும். விவசாய நிலமென்றால் அதே வட்டத்தில் குடியிருக்கவும் வேண்டும். கையில் 28 கோடி ரூபியாவும் வேண்டும். பூர்வொரெஜோவின் குறைந்தபட்சக் கூலி பாத்தாமின் கூலியில் பாதிகூட இல்லை. எங்கள் பக்கத்தில் ‘விற்பனைக்கு’ என்று எழுதிய தகரப்பலகைகள் எழுத்து அழிந்து நிற்கின்றன. இங்கே நிலம் வாழ்வதற்கு. லாபத்துக்கு என்று கணக்குப் போட்டால் மனம்தான் புண்ணாகும்.

கடைசியாகச் சரிவைப் பற்றி. 2016 ஜூனில் ஒரே நாள் மழையில் மத்திய ஜாவாவில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை மண் மூடியது. அதிகம் பேர் இறந்தது உங்கள் பூர்வொரெஜோ மாவட்டத்தில்தான். காலிகெசிங் வட்டமும் அதில் தப்பவில்லை. அந்தச் சாலையோர நிலத்தை மலையை வெட்டிச் சமப்படுத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். மேலே நிற்கும் மரங்களின் அடி வளைந்து நுனி நிமிர்ந்திருந்தால் மண் மெல்ல மெல்ல இறங்குகிறது என்று பொருள். முதல் மழைக்குப் பிறகு பிறை வடிவில் விரிசல் தெரிகிறதா, சரிவின் அடியில் புதிதாக ஊற்று கசிகிறதா என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். தரகரைக் கேட்காதீர்கள்.

மேடான்_தமிழன்:

அக்கா சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்கிறேன். நான் மேடானில் பிறந்த இந்தோனேசியக் குடிமகன். டெலி புகையிலைத் தோட்டத்துக்கு வந்த பாட்டனின் பேரன். நோட்டாரி அலுவலகத்தில் எழுத்தராக வேலை செய்கிறேன்.

சகோதரரே, ‘லெட்டர் சி’ என்பது ஊர் அலுவலகத்தின் பழைய வரிப்பதிவேடு. யாரிடம் வரி வாங்கினார்கள் என்று அது காட்டும். உரிமை யாருடையது என்று சொல்லாது. 2021 பிப்ரவரி 2-ஆம் தேதி வந்த 18-ஆம் எண் அரசாணை, இத்தகைய பழைய ஆவணங்களைப் பதிவு செய்ய ஐந்தாண்டு கெடு கொடுத்தது. கெடு தாண்டினால் அவை உரிமைச் சான்றாக நிற்காது. நிலப்பதிவுக்கு ஒரு துப்பு என்ற அளவில்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே ‘பட்டயத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்’ என்பது மிகவும் ஆபத்தான அறிவுரை. விற்பவரே தன் பெயரில் பட்டயம் எடுத்துக்கொண்டு வரட்டும், பிறகு பேசுவோம் என்று சொல்லிவிடுங்கள். 2017-இலிருந்து அரசே ஊர் ஊராக அளந்து பட்டயம் கொடுத்து வருகிறது. மாமனார் கொல்லைக்குக் கிடைத்தது போல இந்த நிலத்துக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை? பங்காளி ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தாரா, காட்டு இலாகா எல்லைக்குள் வருகிறதா? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பட்டயம் இருக்கும் நிலத்தை நில அலுவலகத்தின் ‘சென்துஹ் தனாஹ்கு’ செயலியில் தேடினால் வரைபடத்தில் தெரியும். மாமனார் கொல்லையை அதில் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லை சரியாக விழுந்திருக்கிறதா என்பது அப்போதே புரிந்துவிடும்.

கோகாப் மனையைப் பற்றி. அந்த எல்லைக்கல்லைத் தாண்டினால் யோக்யகார்த்தா தனிப்பகுதி. அங்கே நடைமுறை வேறு. ஒன்று, சுல்தான் நிலம், பாக்கு ஆலம் நிலம் என்று அரண்மனைகளுக்கு உரிய நிலங்கள் ஏராளம். 2012-ஆம் ஆண்டின் தனிச்சட்டம் அவற்றை அங்கீகரித்திருக்கிறது. வீடு கட்டியவரின் நிலம் அவருடையதுதானா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டு, 1975-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒன்று, மண்ணின் மைந்தர் அல்லாத குடிமக்களுக்கு அங்கே முழு உரிமை கொடுக்கக் கூடாது என்கிறது. என்னைப் போன்ற ஒருவன், மூன்று தலைமுறையாக இந்த நாட்டுக் குடிமகனாக இருந்தும், அங்கே கட்டட உரிமை மட்டுமே பெற முடியும். 2018-இல் இதை எதிர்த்த வழக்கையும் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இது எனக்கு மிகுந்த வேதனை தரும் விஷயம். உங்கள் மனைவி ஜாவாக்காரர், அவருக்குத் தடையில்லை. உங்கள் பிள்ளைகளை எந்தக் கணக்கில் வைப்பார்கள் என்பதை அங்குள்ள நில அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு பிறகு யோசியுங்கள்.

பிள்ளைகள் குடியுரிமையும் முக்கியம். தாய் இந்தோனேசியர் என்பதால் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை 18 வயது வரை இந்தோனேசியராகவும் ஏற்றுக்கொள்கிறது; 21-க்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிலம் அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டுமென்றால் ஒருவராவது இந்த நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும். மனைவிக்குப் பிறகு அது உங்கள் கைக்கு வந்தால் ஓராண்டுக்குள் குடிமகன் ஒருவருக்கு மாற்றியாக வேண்டும். அல்லாஹ் அவருக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். சட்டம் இப்படி இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

செலவுக் கணக்கு: 28 கோடி ரூபியா நிலமென்றால், முதல் 8 கோடிக்குக் குறையாமல் விலக்குப் போக, மீதிக்கு வாங்குபவர் வரி 5 விழுக்காடு வரை. ஏறத்தாழ 1 கோடி ரூபியா. விற்பவருக்கு 2.5 விழுக்காடு வருமான வரி; அதையும் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். பத்திர எழுத்துக் கூலி 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

வெல்டர்_பாத்தாம்:

அக்கா, அண்ணன், இருவருக்கும் அல்லாஹ் நலம் செய்யட்டும். இரவு முழுவதும் மனைவியோடு இதைப் பேசினேன். அவருடைய அடையாள அட்டை பாத்தாம் முகவரிக்கு மாறியிருப்பது உண்மைதான். தம்பி பெயரில் எழுதுவது அவருக்கும் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லையாம். குடும்பத்தில் வருத்தம் வரும் என்று சொல்லாமல் இருந்திருக்கிறார். சாலை ஓரத்து நிலம் வேண்டாம் என்று தரகரிடம் சொல்லிவிட்டேன். அவர் இப்போது விலையைக் குறைத்துக்கொண்டு தினமும் அழைக்கிறார்.

கொல்லைதான் என்று முடிவானால், அக்கா, அங்கே பிழைக்க முடியுமா? நான் என்ன வேலை செய்ய முடியும்? ஆடு கைகொடுக்குமா? தண்ணீர், பள்ளிக்கூடம், மருத்துவம் இதெல்லாம் எப்படி? பெருநாளுக்கு வரும்போது விருந்தாளியாகவே இருந்துவிட்டேன், எதையும் கவனிக்கவில்லை.

பூண்டிக்காரி:

கேட்டது நல்லது தம்பி. நிலத்தைவிட இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த மலையில் எல்லாம் அதில்தான் இருக்கிறது. சுண்ணாம்பும் எரிமலைப் பாறையும் கலந்த மலை. கிணறு வெட்டினால் எல்லா இடத்திலும் தண்ணீர் வராது. மேலே ஊற்றுக்கண்ணில் சிறு தொட்டி கட்டி, அங்கிருந்து கறுப்புக் குழாய்கள் மரவேரிலும் பாறையிலும் கயிறு போல ஓடி ஒவ்வொரு வீட்டுக்கும் இறங்கும். எந்தக் குழாய் எந்த வீட்டுடையது என்று ஊர்க்காரர்களுக்கு இருட்டிலும் தெரியும். மழைக்காலத்தில் கவலையில்லை. ஆகஸ்ட் தாண்டினால் ஓட்டம் நூலாகிவிடும். செப்டம்பரில் முறை வைப்பார்கள்; எங்கள் வீட்டுக்கு இரவு இரண்டு மணி முறை வந்தால் கணவர் விளக்கை எடுத்துக்கொண்டு மேலே போய் வால்வைத் திருப்பிவிட்டு, குழாயில் காற்று அடைத்திருந்தால் வாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு வருவார். கடுமையான ஆண்டில் லாரித் தண்ணீர் வரும், அதுவும் லாரி ஏறும் சாலை வரைக்கும்தான். ஆகவே மாமனார் கொல்லைக்கு எந்த ஊற்றிலிருந்து குழாய், அந்த ஊற்று யார் நிலத்தில் இருக்கிறது, அவர் நிலத்தை விற்றால் என்ன ஆகும் என்று விசாரியுங்கள். பெருநாள் விடுப்பில் வராதீர்கள், செப்டம்பரில் வாருங்கள். குடும்பத்தோடு ஒரு மாதம் இருந்து பாருங்கள்.

ஆடு கைகொடுக்கும், ஆனால் அவசரப்பட்டால் கையைச் சுடும். காலிகெசிங் ஆடு இந்த நாட்டிலேயே பெயர் போனது. 2010-இல் விவசாய அமைச்சகம் தனி இனமாக அறிவித்தது. நம் நாட்டு ஜமுனாபாரி ஆட்டை டச்சுக்காரர்கள் கொண்டுவந்து இங்குள்ள ஆட்டோடு கலந்த வழி அது. தலை கறுத்து, மூக்கு புடைத்து, காது முழங்கை நீளம் தொங்கும் கிடாய்க்குப் பண்டான்ரெஜோ சந்தையில் பணக்காரர்கள் மோட்டார் சைக்கிள் விலைக்கும் மேலே கொடுப்பார்கள். அந்த அழகுப் போட்டி ஆட்டை நம்பி நீங்கள் இறங்க வேண்டாம். அது பரம்பரையாகக் கண் பழகியவர்களின் தொழில். நான்கைந்து பெட்டையோடு தொடங்குங்கள். குட்டியை ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்பு விற்பதும், சாணத்தைத் தோட்டத்துக்கு விடுவதும், பாலைக் குடும்பத்துக்கு வைத்துக்கொள்வதுமாக ஓட்டலாம். தினமும் இரண்டு கட்டு தழை அறுத்துச் சரிவில் சுமந்து ஏற வேண்டும். கோடையில் தழைக்காக வெகுதூரம் போக வேண்டியிருக்கும். கிராம்பு ஆண்டுக்கு ஒரு முறை, அதுவும் பூத்தால்தான். விலை ஏறி இறங்கும்.

உங்கள் கைத்தொழில்தான் உங்கள் சொத்து. இந்த மலையில் நல்ல வெல்டர் கிடையாது. கேட், கூரைச் சட்டம், மோட்டார் சைக்கிளில் பொருத்தும் சுமைத்தாங்கி, ஆட்டுக்கொட்டில் கம்பி என்று எல்லாவற்றுக்கும் கீழே பூர்வொரெஜோ நகரத்துக்குத்தான் போகிறார்கள். வேலை அனுமதி முடிந்ததும் மனைவியின் பொறுப்பில் தங்கல் அனுமதிக்கு மாறுங்கள். திருமணமாகி இரண்டாண்டு கடந்தவர் ஐந்தாண்டுத் தங்கல் அனுமதிக்கே விண்ணப்பிக்கலாம். 2011-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 61-ஆம் பிரிவு, மனைவி வழியில் தங்குபவர் குடும்பத்தைக் காக்கத் தொழில் செய்யலாம் என்கிறது. பட்டறையை மனைவி பெயரில் பதிவு செய்து தொடங்குங்கள். வீட்டு மின் இணைப்பு வெல்டிங்குக்குப் போதாது, கூடுதல் திறனுக்கு மனுப் போட வேண்டும். அந்தச் செலவைக் கணக்கில் வையுங்கள்.

மாதாமாதம் கண்ணுக்குத் தெரியாமல் போகும் பணம் மொய். திருமணம், விருத்தசேதனம், வீடு கட்டல், மரணம் என்று எதுவானாலும் உறையில் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வார். ஹஜ் மாதத்தில் திருமணங்கள் வரிசையாக வரும். அந்த மாதம் எங்கள் வீட்டில் மளிகைக்குக்கூடக் கை இறுகும். ஆனால் என் மாமியார் இறந்த அன்று, பொழுது விடியுமுன்னே குழி வெட்ட ஆண்களும் சமைக்கப் பெண்களும் கேட்காமலே வந்து நின்றார்கள். வாசலில் தொங்கும் சிறு டப்பாவில் தினமும் ஒரு பிடி அரிசியோ ஒரு நாணயமோ போட்டு வையுங்கள்; இரவுக் காவலுக்கு வருகிறவர்கள் எடுத்துப்போவார்கள். காவல் முறை உங்களுக்கும் வரும். கட்டாயம் போங்கள். ஆள் கூலி கொடுத்து அனுப்பாதீர்கள். அயலூரான் என்ற எண்ணம் அங்கே உட்கார்ந்து காப்பி குடித்தால்தான் போகும்.

பள்ளிக்கூடத்தில் தொடக்க வகுப்புக்குக் குறையில்லை. உயர்நிலைக்குக் கீழே இறங்க வேண்டும். பிள்ளைகள் பதினான்கு பதினைந்து வயதில் உரிமம் இல்லாமலே மோட்டார் சைக்கிளில் இறங்குவதைப் பார்த்து எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது. உங்கள் மகளுக்கு அந்த வயது வரும்போது நகரத்தில் உறவுக்காரர் வீடு இருக்கிறதா என்று இப்போதே யோசியுங்கள். மருத்துவத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு, அறுவை என்றால் நகரம். அரசு மருத்துவக் காப்பீட்டில் மூன்றாம் வகுப்புக்கு ஆளுக்கு மாதம் 35,000 ரூபியா. ஒரு மாதமும் விடாமல் கட்டுங்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இதே மாவட்டத்தில் பெனெர் அணைக்குக் கல் எடுக்க வாடாஸ் கிராமத்து மலையைக் கேட்டபோது ஊரே எதிர்த்தது. 2022 பிப்ரவரியில் போலீஸார் வந்து அறுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துப்போனார்கள். துரியனும் கிராம்பும் காய்த்த தோட்டங்கள் அவை. நம் மலையும் அதே வகைப் பாறைதான். மாவட்ட அலுவலகத்தில் இடத்திட்ட வரைபடத்தைக் கேட்டு, மாமனார் ஊர் சுரங்கப் பகுதிக்குள் வருகிறதா என்று பாருங்கள்.

தரகர் அழைத்தால் எடுக்காதீர்கள். விலை குறைந்தாலும் நிலத்தின் குறை குறையவில்லை.

வெல்டர்_பாத்தாம்:

செப்டம்பருக்கு டிக்கெட் போட்டுவிடுகிறேன் அக்கா. மைத்துனர்கள் இருவரும் தானப் பத்திரத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டார்கள். அதற்கு எதைக் கையில் கொண்டு போக வேண்டும்?

மேடான்_தமிழன்:

மூலப் பட்டயம், இந்த ஆண்டின் நிலவரி ரசீது, மாமனார் மாமியார் இருவரின் அடையாள அட்டை, குடும்ப அட்டைகள், உங்கள் திருமணப் பதிவு, மைத்துனர்களின் சம்மதக் கடிதம். பட்டயம் மாமனார் பெயரில் மட்டும் இருந்தாலும் மாமியார் கையெழுத்து வேண்டும். பூர்வொரெஜோவில் உள்ள நிலப்பத்திர அதிகாரியிடம் முதலில் பட்டயத்தின் மீது கடன் ஏதும் இல்லை என்று சரிபார்க்கச் சொல்லுங்கள். பிறகு நில அலுவலகத்தில் 600 மீட்டரைத் தனியாகப் பிரிக்க மனு. அளக்க வரும் நாளில் நான்கு பக்கத்து எல்லைக்காரர்களும் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் எல்லைக்குச் சிவப்பு இலைச் செடிதான் நட்டிருப்பார்கள்; அளவைக்கு முன்பு அந்த இடங்களில் சிமெண்டுக் கல் ஊன்றி, எல்லைக்காரர்களிடம் காட்டிவிடுங்கள். சாலைக்கு வரும் நடைபாதை யார் நிலத்தின் வழியாக வருகிறதோ அவரிடமும் அதே நாளில் வழி உரிமையை எழுத்தில் வாங்கிவிடுங்கள். மோட்டார் சைக்கிள் மட்டும் வரும் வழியா, பட்டறைக்கு இரும்பு ஏற்றிவரும் சிறு லாரி வரும் அகலமா என்பதை அதில் மீட்டர் கணக்கில் குறிப்பிட வேண்டும்.